50 காசு அபராதம்: சுங்கை சிப்புட்டில் ஒரு ஆங்கிலப் பேச்சு வகுப்பு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் வாரம் இரண்டு இரவு, மாதம் 120 வெள்ளி (ரிங்கிட்). பெயர் வேண்டாம். ஏர்கோன் குளிர்கிறது, ஆசிரியை பொறுமைசாலி, இலக்கணம் சொல்லித் தருவதில் குறையே இல்லை, மேலாளருக்கு மின்னஞ்சல் எழுத இப்போதெல்லாம் நான் தங்கச்சியைத் தேடுவதில்லை.

குறை அந்த மைலோ டின்தான். மலேசியர்கள் பேச்சின் கடைசியில் ஒட்டிவிடும் 'லா'வைச் சொன்னால் அதில் 50 காசு போட வேண்டும். முதல் மாதம் நான் மட்டும் ஒன்பது வெள்ளி அழுதேன். 'கேன் லா' என்றால் கவலைப்படாதே, முடியும். 'கேன் ஆ?' என்றால் முடியுமா? 'கேன் மே?' என்றால் உன்னாலா, சந்தேகம்தான். இந்த மூன்றையும் பாடப்புத்தக ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள், வாய் வலிக்கும். அந்த 'மே' கான்டனீஸ் பேசும் சீனர்கள் கொடுத்தது. நாம் கொடுத்தது 'மச்சா', பக்கத்துக் கம்பத்து (கிராமத்து) மலாய்ப் பையன்கூட என்னை அப்படித்தான் கூப்பிடுகிறான். தோட்டத்து லயத்தில் வளர்ந்த எனக்கும் சந்தைச் சீனக் கடைக்காரருக்கும் பொதுவான ஆங்கிலம் இதுதான். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியே 2016-இல் 'ஐயோ'வையும் 2025-இல் 'அலாமாக்' (மலாய்க்காரர்களின் 'ஐயையோ'), 'தாப்பாவ்' (சாப்பாட்டைப் பொட்டலமாக வாங்கிப் போவது) இரண்டையும் சேர்த்துக்கொண்டது, இங்கே மாடியில் மட்டும் அபராதம்.

போன வாரம் பாடத்தின் நடுவே ஆசிரியைக்கு வீட்டிலிருந்து போன். "கேன் லா, யூ தாப்பாவ் ஃபர்ஸ்ட்!" என்றார். பதினோரு பேரும் டின்னைப் பார்த்தோம். சிரித்துக்கொண்டே ஒரு வெள்ளி போட்டார், மீதி கேட்கவில்லை.

நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்கள் தாராளமாகச் சேரலாம், சில்லறை கொண்டு போங்கள். கார் நிறுத்த இடமில்லை, மோட்டாரில் போவது நல்லது.