மூன்று வயதில் பென்சிலா, ஏறுகம்பியா?

மூன்று வயதுக் குழந்தைக்குப் பள்ளி தேடினால் கடைசியில் இரண்டு வகைதான் மிஞ்சும். முதல் மாதமே பென்சிலைக் கையில் கொடுத்து, புள்ளிகளை இணைத்து எழுதவைக்கும் பள்ளி ஒன்று. ஏறட்டும், தொங்கட்டும், களிமண் பிசையட்டும், எழுத்தெல்லாம் அப்புறம் என்கிற பள்ளி இன்னொன்று. நாங்கள் சேர்த்தது இரண்டாவதில். அதனால் இந்த அலசலும் அந்தப் பக்கமே சாயும்.

எழுதவைக்கும் பள்ளியின் நன்மைகள் தெரிந்தவைதான். நோட்டு நிறையும், தாத்தா பாட்டிக்குக் காட்டலாம், ஒன்றாம் வகுப்பில் பதற்றம் குறையும். மற்றதில் உடை அழுக்காகும், முட்டி சிராயும். சரி, அதில் பேச ஒன்றுமில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது குழந்தையின் கை. உடல் கட்டுப்பாடு நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகிறது. முதலில் முதுகும் தோளும் நிலைக்க வேண்டும், விரல்களின் முறை கடைசியில்தான். மணிக்கட்டின் 8 சிறு எலும்புகளும் பிறக்கும்போது பெரும்பாலும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. அவற்றில் கடைசியானது எலும்பாகத் தொடங்கவே பொதுவாக 8 வயதுக்கு மேல் ஆகிவிடும். மூன்று வயதில் வட்டம் வரைவார்கள், நான்கில் கூட்டல் குறி, முக்கோணத்துக்கு ஐந்தை ஒட்டி வரவேண்டும். பென்சிலை மூன்று விரலால் பிடித்து விரல்களை மட்டும் அசைத்து எழுதுவது பெரும்பாலும் நான்கரைக்கும் ஆறுக்கும் இடையில் கைகூடுகிறது.

தோள் உறுதிப்படாத குழந்தையை எழுதச் சொன்னால் என்ன செய்யும்? பென்சிலை முஷ்டியில் இறுக்கும், முழுக்கையையும் அசைக்கும், தாள் கிழிய அழுத்தும், இன்னொரு கையில் தலையைச் சாய்த்துக்கொள்ளும். எழுத்து எப்படியோ வந்துவிடும். திருத்துபவர் எழுத்தைப் பார்ப்பார், பிடியைப் பார்க்க மாட்டார். எழுத்தை ஐந்தரை வயதில் ஆரம்பித்தாலும் சில மாதங்களில் பிடித்துவிடலாம். ஊறிப்போன பிடியை ஏழெட்டு வயதில் மாற்றுவது பெரும்பாடு. விநோதமாகப் பிடித்தும் அழகாக எழுதுபவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சீக்கிரம் கை வலித்து, பாதிப் பக்கத்தில் நிறுத்திவிடும் குழந்தைகளும் இருக்கிறார்கள்.

அந்தத் தோளும் விரலும் விளையாட்டில்தான் தயாராகின்றன. கம்பியில் தொங்கினால் தோளும் பிடியும் இறுகும். தவழ்ந்து நுழையும்போது உள்ளங்கையில் எடை இறங்கும். கத்தரிக்கோலும் சட்டைப் பொத்தானும் கட்டைவிரலை மற்ற விரல்களோடு வேலை செய்யவைக்கும். முதுகு உறுதியான குழந்தைக்கு உட்காருவதே ஒரு வேலையாக இருக்காது. கவனம் பாடத்துக்குப் போகும். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் 3, 4 வயதினருக்கு நாளுக்கு 180 நிமிட உடலசைவு கேட்கிறது. அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு ஓடியாட வேண்டும். மேசையில் உட்காரவைக்கும் பள்ளியில் இதற்கு நேரம் எங்கே?

எழுதுவதே வீண் என்று சொல்லவில்லை. 2012-ல் வெளியான ஒரு சிறு ஆய்வில், எழுத்துகளைப் பார்த்துத் தானாக எழுதிய ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு, பிறகு அவற்றைப் பார்க்கும்போது வாசிப்புக்கான மூளைப்பகுதிகள் விழித்தன. புள்ளிக்கோட்டின் மேல் வரைந்தபோது அந்த விளைவு இல்லை. பள்ளிகள் தாள் தாளாகக் கொடுப்பதோ புள்ளிக்கோடுகளைத்தான்!

எங்களுக்கு ஒரே பிள்ளை, இரண்டு முறையையும் வைத்துப் பார்க்க வழியில்லை. எழுத்தைத் தானே கேட்டு வரும் மூன்று வயதுக் குழந்தைகளும் உண்டு, அவர்களிடமிருந்து பென்சிலைப் பிடுங்க வேண்டாம். பெயரில் மட்டும் விளையாட்டை வைத்துக்கொண்டு டிவி முன் உட்காரவைக்கும் இடமும் இருக்கும். சேர்க்கும் முன் மைதானத்தில் எவ்வளவு நேரம் விடுகிறார்கள் என்று கேளுங்கள். ஐந்து வயது தாண்டியும் முஷ்டிப்பிடி போகவில்லை, பொத்தானும் போட வரவில்லை என்றால் பள்ளியை மாற்றிப் பயனில்லை, எழுதுவது, பொத்தான் போடுவது போன்ற அன்றாட வேலைகளுக்குக் கையைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவரைப் பார்ப்பது நல்லது.