ரத்தம் எடுக்காமலே வைட்டமின் குறைபாடு சொல்கிறார்கள், உஷார்

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு கடைத்தொகுதியில் வார இறுதியில் மேசை போட்டு "இலவச உடல் பரிசோதனை" என்று கூப்பிடுகிறார்கள். கூட்டத்தில் நம் ஆட்கள்தான் அதிகம். அதனால்தான் எழுதுகிறேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு எடைக்கருவியில் ஏறி இரண்டு கைப்பிடிகளைப் பிடிக்கச் சொன்னார்கள். அரை நிமிடத்தில் ரசீது மாதிரி ஒரு சீட்டு வந்தது. கொழுப்பு இவ்வளவு, தசை இவ்வளவு, தண்ணீர் இவ்வளவு. வைட்டமின் என்று ஒரு வரிகூட அதில் கிடையாது. அங்கிருந்த பெண் சிவப்புப் பேனாவால் ஓரத்தில் பி12, டி என்று எழுதி வட்டம் போட்டார். "அண்ணே, சோறா சாப்பிட்டா இப்படித்தான். வைட்டமின் இல்லாமத்தான் உங்களுக்கு எடை இறங்க மாட்டேங்குது."

அந்தக் கருவி உடம்புக்குள் லேசாக மின்சாரம் செலுத்தி, தண்ணீரையும் கொழுப்பையும் கணக்குப் போட்டுச் சொல்கிறது. வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு ஏறினாலே எண் மாறும். பி12 குறைவா, டி குறைவா என்று தெரிய ரத்தம் எடுத்தாக வேண்டும். வேறு வழியில்லை.

மூன்று மாதப் பேக்கேஜ் 1,680 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்றார்கள், நானும் வாங்கிவிட்டேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பதில் பவுடர், கூடவே மூன்று விதமான மாத்திரைகள்.

எடை இறங்கியது உண்மை, முதல் வாரத்திலேயே 2 கிலோ. உடனே என்னைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுக்கொண்டார்கள். சோற்றைக் குறைத்தால் உடம்பு சேமித்து வைத்த கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சத்து கரையும், அதோடு ஒட்டிய தண்ணீரும் போகும். தராசு இறங்குவது பெரும்பாலும் அதனால்தான். ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி குறைய வேண்டும். வாரத்தில் 2 கிலோ கொழுப்பு என்றால் நாளைக்கு 2,200. நான் சாப்பிடுவதே அவ்வளவுதான் இருக்கும்!

அப்புறம் விரல் நுனியெல்லாம் மரத்துப்போக ஆரம்பித்தது. கேட்டால், "நச்சு வெளியேறுது அண்ணே, நல்ல அறிகுறி." (இந்த நச்சு என்னவென்று இதுவரை ஒருவரும் எனக்குப் பெயர் சொன்னதில்லை.)

பாலிகிளினிக் டாக்டர் பாட்டில்களைக் கொண்டுவரச் சொன்னார். மூன்றையும் வரிசையாக வைத்து, பின்பக்கப் பொடி எழுத்தில் ஒரே வரியை விரலால் காட்டினார்: பி6. ஒன்றில் 50 மில்லிகிராம், மற்ற இரண்டிலும் தலா 40. நமக்கு நாளொன்றுக்குத் தேவையே 2 மில்லிகிராமுக்கும் குறைவு. பி வகை அதிகமானால் சிறுநீரில் போய்விடும் என்று பலரும் நம்புகிறோம். ஆனால் பி6 அதிக அளவில் மாதக்கணக்கில் போனால் நரம்பைப் பாதிக்கும் என்றார். ஏ, டி போன்றவை உடம்பிலேயே தங்கும் என்பதால் அவற்றை இஷ்டத்துக்கு விழுங்குவதும் ஆபத்து. மூன்றையும் அன்றே நிறுத்தச் சொன்னார்.

எடைக்கு அவர் சொன்னது சாதாரண விஷயம். ஆசியர்களுக்கு பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) 23-ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டும். தட்டில் பாதி காய்கறி, பழம். கால் பங்கு சோறு, முடிந்தால் சிவப்பரிசி. மீதிக் கால் பங்கு மீனோ பருப்போ.

"சுகாதார அறிவியல் ஆணையம் அங்கீகரிச்சது" என்றும் அந்த மேசையில் சொன்னார்கள். சிங்கப்பூரில் சத்து மாத்திரைகளை விற்க அந்த ஆணையத்தின் முன் அனுமதியே தேவையில்லை, பாதுகாப்புக்கு விற்பவர்தான் பொறுப்பு. அப்படியிருக்க எந்த அங்கீகாரம்?

பிரிக்காத பாட்டில்களைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டிக் கையை விரித்துவிட்டார்கள். கேஸ் எனப்படும் பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். சரிவரவில்லை என்றால் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றம்தான். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், வக்கீல் செலவு கிடையாது, ஆனால் 2 ஆண்டுக்குள் போக வேண்டும். அதே மேசையில் வாங்கியவர்கள் ரசீதையும் சிவப்புப் பேனா சீட்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பாட்டில் காலியாக இருந்தாலும் வைத்திருங்கள்.