ஆயில் ஒழுக்கைப் பிடிக்க எது சரி: பவுடரா, யூவி சாயமா, புகையா?

வண்டி 1998 மாடல் மாருதி 800, கார்புரேட்டர். ராத்திரி நிறுத்தினால் காலையில் தரையில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு கறை, அதுவும் இன்ஜினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்துக்கு நேர் கீழே. குனிந்து பார்த்த மெக்கானிக் உடனே, "கிராங்க் பின் சீல் போயிடுச்சு சார், கியர்பாக்ஸ் இறக்கணும்" என்றார். கிராங்க்‌ஷாஃப்டின் பின்பக்க முனையில் ஆயிலை அடைத்து வைக்கிற சீலைத்தான் சொன்னார். இருக்கலாம்தான். ஆனால் அந்த சீலின் விலையைவிட இறக்கி ஏற்றும் கூலி பல மடங்கு, அதனால் முதலில் நாமே தேடிப் பார்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

வண்டிக்கு அடியில் அட்டை விரித்து வைப்பது செலவில்லாத வழி. எவ்வளவு ஒழுகுகிறது, இன்ஜின் ஆயிலா கியர் ஆயிலா என்பது தெரிந்துவிடும் (கியர் ஆயிலில் கந்தக வாடை தூக்கலாக இருக்கும்). எங்கிருந்து என்று மட்டும் அட்டை சொல்லாது. ஆயில் மேலே கசிந்து, வழிந்து, ஓடும்போது காற்றில் பின்னால் தள்ளப்பட்டு, எங்கோ ஒரு மூலையில் சொட்டும்.

அடுத்தது கழுவிவிட்டுப் பவுடர் தூவுவது. என் ஓட்டு இதற்குத்தான். இன்ஜின் ஆறினதும் டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்புவது), ஆல்டர்னேட்டர் இரண்டையும் பிளாஸ்டிக் பையால் மூடி, டிகிரீசர் அடித்து பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிட வேண்டும். டீசலில் கழுவுவது நம் ஊர் வழக்கம்தான், ஆனால் பெல்ட்டுக்கும் ரப்பர் ஹோஸுக்கும் ஆகாது. அப்புறம், இன்ஜின் ஓடாதபோது, சந்தேகப்படும் இடங்களில் சாதாரண முகப் பவுடரைத் தூவிவிட்டு, ஸ்டார்ட் செய்து பதினைந்து நிமிடம் ஓடவிட்டேன். இன்ஜினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டின் கியர்பாக்ஸ் பக்க முனையில், டிஸ்ட்ரிபியூட்டர் உட்காரும் இடத்தில் ஆரம்பித்து, கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங் வரை ஒரு கறுப்புக் கோடு! இந்த இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டர், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டிலிருந்து ஓடுவதால் அங்கே ஆயில் வந்துகொண்டே இருக்கும், அதை அடைக்கிற ரப்பர் வளையமான ஓ-ரிங் கெட்டிப்பட்டால் கசியும், அது போய்ச் சொட்டுகிற இடம் பின் சீல் ஒழுகினால் சொட்டுகிற அதே இடம். டேப்பட் கவர் (ஹெட்டின் மேல் மூடி) பேக்கிங்கின் அந்த மூலை கசிந்தாலும் இதே கதைதான்.

யூவி சாயம் இதைவிட நுணுக்கமானது. ஆயிலோடு கலந்து ஊற்றி, சில நாள் ஓட்டி, இருட்டில் யூவி டார்ச் அடித்தால் கசிவு பச்சை மஞ்சளாக ஒளிரும். கடைகளில் நோட்டு பார்க்கிற டார்ச்சே பெரும்பாலும் போதும். வாரத்துக்கு ஒரு சொட்டு ஒழுகுகிற வண்டிக்கும், பவுடர் எட்டாத சந்துகளுக்கும் இதுதான் சரி. ஆனால் பழைய அழுக்கின் மேல் புது ஆயில் பரவினால் இன்ஜின் முழுக்க ஒளிரும், ஆகவே கழுவுகிற வேலையிலிருந்து இதிலும் தப்ப முடியாது.

புகை விட்டுப் பார்ப்பதற்கு மெஷின் உள்ள பட்டறைதான் வேண்டும். ஆயில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக் குழாய் வழியாக மிகக் குறைந்த அழுத்தத்தில் புகை செலுத்துவார்கள். அழுத்தம் கூடினால் நல்ல சீலும் பிதுங்கிவிடும். சீல், பேக்கிங் ஓட்டைகள் தெரியும். ஆயில் பிரஷர் சுவிட்ச் போல, இன்ஜின் ஓடி அழுத்தம் ஏறினால் மட்டுமே கசிகிற இடத்தை இது கோட்டைவிடலாம். பழைய 800-க்கு இது ஆடம்பரம்.

பட்டறைகளில் அதிகம் நடப்பது இன்னொரு வழி, ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது. டேப்பட் கவர் பேக்கிங் வரைக்கும் நானும் ஒத்துக்கொள்வேன், விலையும் குறைவு, வேலையும் சுலபம். அதற்கு மேல் போனால் சூதாட்டம். இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றுகிற பிசிவி வால்வு அடைத்து உள்ளே அழுத்தம் ஏறியிருந்தால், புது சீல் போட்டாலும் கொஞ்ச நாளில் மறுபடி கசியும். அதை முதலில் பார்த்துவிடுங்கள்.

என் வண்டியில் ஓ-ரிங் மாற்றியதும் சொட்டு நின்றது. டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றுவதற்கு முன் இக்னிஷன் டைமிங் குறி போட்டுக்கொள்ள மறக்காதீர்கள், நான் மறந்துவிட்டு அரை நாள் திண்டாடினேன். பின் சீலை இப்போதைக்குத் தொடவில்லை, கிளட்ச் பிளேட் மாற்ற எப்படியும் கியர்பாக்ஸ் இறக்கும்போது அதையும் மாற்றச் சொல்லிக்கொள்ளலாம்.