ஆன்டி-ஸ்டாட்டிக் ரிஸ்ட் ஸ்ட்ராப்: வயர் இருப்பதை மட்டும் வாங்குங்கள்

கம்ப்யூட்டர் பாகங்களைத் தொடும்போது நம் உடம்பில் சேர்ந்த நிலைமின்சாரம் (ஸ்டாட்டிக்) அவற்றைக் கெடுக்காமலிருக்க மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் துணிப் பட்டை, அதில் ஒரு பித்தான், அங்கிருந்து ஒரு சுருள் வயர், நுனியில் முதலைக் கிளிப். சென்னை ரிச்சி தெருவில் நூற்றுச் சொச்சம் ரூபாய்க்கு வாங்கிய இந்தப் பட்டையில் வேறு ஒன்றும் கிடையாது. ஆனால் வேலை செய்கிறது.

இரண்டு பொருள்கள் ஒட்டிப் பிரியும்போது ஒன்றின் எலெக்ட்ரான்கள் கொஞ்சம் மற்றதில் தங்கிவிடும், அதனால் ஏசி அறையில் பிளாஸ்டிக் நாற்காலியை விட்டு எழுந்தாலே உடம்பில் ஆயிரக்கணக்கான வோல்ட் ஏறிவிடலாம். விரலில் சுருக்கென்று உறைக்கச் சுமார் 3000 வோல்ட் வேண்டும், சில சிப்களைக் கொல்ல 100 வோல்ட்டே போதும். "எனக்குத்தான் ஷாக்கே அடிக்கலையே" என்று வெறுங்கையால் ரேமை எடுப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். அடி வாங்கிய சிப் அன்றைக்கே சாகாமல் சில மாதம் இழுத்தடித்துவிட்டும் போகலாம்.

கிளிப்பைக் கம்ப்யூட்டர் கேபினெட்டில் மாட்டினால் நாமும் அதுவும் ஒரே மின்னழுத்தத்துக்கு வந்துவிடுகிறோம், அப்புறம் பொறி பறக்க வழியில்லை. வயருக்குள் 1 மெகா ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருக்கிறது. அது சிப்புக்காக இல்லை, நமக்காக: தப்பித்தவறி 230 வோல்ட் லைனில் கை பட்டால் பட்டை வழியாக 0.23 மில்லி ஆம்பியருக்கு மேல் போகாது. உடம்பில் சேர்ந்த சார்ஜ் கொஞ்சம்தான் என்பதால், இவ்வளவு ரெசிஸ்டன்ஸ் இருந்தும் ஒரு மில்லி செகண்டுக்குள் வடிந்துவிடும். மல்டிமீட்டர் இருந்தால் பித்தானுக்கும் கிளிப்புக்கும் நடுவே அளந்து பாருங்கள், என்னுடையது சரியாகவே காட்டுகிறது. பூஜ்யம் காட்டினால் அதைக் கையில் கட்டவே கட்டாதீர்கள்.

குறை என்றால் கிளிப்பின் பிடி சுமார், பட்டையும் சீக்கிரம் தொளதொளத்துவிடும் போலிருக்கிறது. பெயின்ட் அடித்த இடத்தில் கிளிப்பை மாட்டிப் பிரயோசனமில்லை, வெறும் உலோகம் தெரியும் இடமாகப் பார்த்து மாட்ட வேண்டும்.

வயர் இல்லாத பட்டை என்று ஆன்லைனில் இன்னும் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். சார்ஜ் எங்கே போகும்? காசு தண்டம்.

சென்னைப் புழுக்கத்தில் இதெல்லாம் தேவையா என்றால், ஜன்னல் திறந்திருக்கும் அறையில் ஆபத்து குறைவுதான், ஈரக் காற்று பொருள்களின் மேல் மெல்லிய நீர்ப் படலமாகப் படிந்து சார்ஜை வடிய விடும். இரவெல்லாம் ஏசி ஓடிய அறையில் அந்தச் சலுகை கிடையாது. பட்டையோடு ஒரு ரோஸ் கவரும் தந்தார்கள். அதற்குள்ளே சார்ஜ் சேராது, ஆனால் வெளியிலிருந்து வரும் ஸ்டாட்டிக் அடியைத் தடுக்காது, அதனால் ரேமை வைக்க அந்தப் பளபளக்கும் சாம்பல் நிறக் கவரைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.