சரக்கொன்றைக் கன்று வாங்கிய நர்சரி

காரைக்குடிக்கு வெளியே, திருப்பத்தூர் ரோட்டில் இருக்கிற சின்ன நர்சரி. பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்துப் போயிருக்கும். சரக்கொன்றை வேண்டும் என்றதும், "ஆச்சி, ரோட்டோரம் மஞ்சளாப் பூக்குமே அதுவா, சரம் சரமாத் தொங்குமே அதுவா?" என்று கேட்டு, இரண்டு கன்றையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார் அந்தத் தம்பி. ரோட்டோர மஞ்சள் கொன்றைக்குச் சின்னச் சின்ன இலை, நெருக்கமாக இருக்கும். சரக்கொன்றைக்கு இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை நீளம், காம்புக்கு நாலு முதல் எட்டு ஜோடி. சில இடங்களில் இரண்டையும் 'கொன்றை' என்றே தலையில் கட்டிவிடுகிறார்கள். பூக்கிற வரை நமக்கும் தெரியாது.

விற்கிறவர் குறையை முதலில் சொல்வது அபூர்வம். இவர் சொன்னார். விதைக்கன்று, பூக்கச் சில வருஷம் ஆகும். மஞ்சள் வண்ணத்துப்பூச்சி முட்டை வைத்து, பச்சைப்புழு தளிரைத் தின்னும். மருந்து அடிக்காதீங்க, மறுபடி துளிர்க்கும். "பங்குனியில இலையெல்லாம் கொட்டி மொட்டையா நிக்கும். பட்டுப்போச்சுன்னு வெட்டிராதீங்க ஆச்சி." அத்தனையும் அப்படியே நடந்தது. வெட்டச் சொல்லி எங்கள் வளவில் யோசனை சொன்னவர்களுக்கும் குறைவில்லை.

கன்றுக்கு 120 ரூபாய் வாங்கினார். எங்கள் பின்கட்டில் ஓரடி தோண்டினாலே செம்புறாங்கல். கடப்பாரை போட்டு மூன்றடி உடைத்து, தொழுஉரமும் மணலும் கலந்து நிரப்பச் சொன்னார். ஆள்கூலி கன்று விலையைப் போலப் பல மடங்கு ஆனது, அது தனிக்கதை.

இப்போது வெயில் ஏற ஏறப் பூக்கிறது. குலை மேலிருந்து கீழாக விரிகிறது: மேலே விரிந்த பூ, நுனியில் பச்சை மணிமணியாக மொட்டு. ஒரு பூவைக் கையில் எடுத்தால் அஞ்சு இதழ், நடுவில் வளைந்து நீண்ட மூன்று கேசரம். காலையில் கருவண்டு வந்து உறுமுகிற சத்தம் அடுப்படி வரை கேட்கும். அடுத்த தெருவில் இருக்கிற பாலக்காட்டு அம்மா விஷுக் கணிக்கு நாலு குலை கேட்டு வாங்கிப் போவார்கள்.

குறை என்றால் டெலிவரி. குட்டி யானையில் தூக்கிப் போட்ட வேகத்தில் பை கிழிந்து, வேரோடு இருந்த மண் பாதி உதிர்ந்துவிட்டது. போன் செய்ததும் வேறு கன்று அனுப்பினார், வண்டி வாடகையை மட்டும் மறுபடி வாங்கிக்கொண்டார். அதற்காகத்தான் ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன்.

பூத்து முடிந்ததும் ஓட்டுத் தூம்பு அடைத்துக்கொள்ளும், மழைக்கு முன்னால் ஆளை ஏற்றிச் சுத்தம் செய்யுங்கள். சுவரை ஒட்டி வைக்காதீர்கள். போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். மதியம் சாப்பிடப் போனால் கதவைச் சாத்திவிடுவார்.