ஆறு லோடு குச்சிக்கிழங்கு, எந்த டெஸ்ட்?

ஆத்தூர்ப் பக்கம் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) போடுகிற எங்கள் மாமா, தை மாதக் கடைசியில் ஒரு டைரியோடு சேலம் வந்து இறங்கினார். சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் கிழங்குக்கு வெறும் எடையை வைத்து விலை போட மாட்டார்கள். மாவுச்சத்து எத்தனை 'பாயிண்ட்' என்று பார்ப்பார்கள். கிழங்கை வெளியே ஒரு முறை நிறுத்து, தண்ணீரில் முக்கி இன்னொரு முறை நிறுப்பார்கள். மாவு அதிகமுள்ள கிழங்கு தண்ணீருக்குள்ளும் கனம் காட்டும். ஒரு பாயிண்ட் இறங்கினால் லோடு முழுக்க விலை இறங்கும். மாமா ஊரிலேயே ஒரு பாயிண்ட் தராசில் பார்த்துவிட்டு, அதே லோடுக்கு ஆலையில் போட்ட பாயிண்டையும் பக்கத்தில் எழுதி வைத்திருந்தார்.

"மாப்ளே, அவன் தராசு கம்மியாக் காட்டுதா, இல்ல எனக்குத்தான் அப்படித் தோணுதா?"

ஆராய்ச்சி மாணவர்களுக்குப் புள்ளியியல் கணக்குப் போட்டு டேட்டா பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. "எந்த டெஸ்ட் சார் போடறது?" என்று வருகிறவர்களுக்கெல்லாம் இப்போது இந்த டைரிக் கதையைத்தான் சொல்கிறேன். கையால் போட்டுப் பார்க்க வசதியாக எண்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

ஊர்த் தராசு: 28, 25, 30, 23, 27, 29. ஆலைத் தராசு: 27, 24.5, 28.5, 22.5, 26, 27.5. சராசரி 27, 26.

முதல் ஆள், சாதாரண டி-டெஸ்ட். இரண்டு சராசரிக்கு நடுவே உள்ள வித்தியாசம் வெறும் தற்செயலா என்று பார்ப்பது இதன் வேலை. இது இரண்டு வரிசையையும் சம்பந்தமே இல்லாத இரண்டு கூட்டமாக நினைத்துக்கொள்கிறது. 23 பாயிண்ட் கிழங்கும் 30 பாயிண்ட் கிழங்கும் ஒரே வரிசையில் இருப்பதால் சிதறல் பெரிது. அந்தச் சிதறலுக்கு முன்னால் ஒரு பாயிண்ட் வித்தியாசம் தூசு. டி மதிப்பு 0.72 வருகிறது, தற்செயலாக இப்படி வர வாய்ப்பு 5 சதவீதத்துக்குக் கீழே என்று சொல்ல 2.23 வேண்டும். மாமா தோற்றார்.

இரண்டாவது ஆள், ஜோடி டி-டெஸ்ட். இது லோடுக்கு லோடு கழித்துப் பார்க்கிறது: 1, 0.5, 1.5, 0.5, 1, 1.5. எந்தக் கிழங்கு நல்லது, எது சோடை என்ற பேச்சே இங்கே இல்லை. மிஞ்சுவது தராசுக்குத் தராசு உள்ள வித்தியாசம் மட்டும். டி 5.48, தேவை 2.57. எண் ஒன்றுகூட மாறவில்லை, தீர்ப்பு தலைகீழ். இதில் எது சரி என்பதை பி-மதிப்பைப் (தற்செயலால் மட்டும் இவ்வளவு வித்தியாசம் வர உள்ள வாய்ப்பு) பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஒரே லோடை இரண்டு தராசில் போட்டார் என்பதுதான் முடிவு செய்கிறது. வேறு வேறு லோடுகளைப் போட்டிருந்தால் ஜோடி டெஸ்ட்டுக்கு இடமே இல்லை.

ஆறே ஆறு எண்ணை வைத்து என்ன சொல்ல முடியும் என்பவர்களுக்கு: டி-டெஸ்ட் பிறந்ததே சின்னச் சாம்பிளுக்காகத்தான். டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த காஸெட், 1908இல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் அதை வெளியிட்டார். அதுவும் ஒட்டவில்லையா? வித்தியாசம் ஆறு முறையும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறது. ஆறு முறை காசு சுண்டி ஆறும் ஒரே மாதிரி விழ வாய்ப்பு 64க்கு 2, அதாவது சுமார் 3 சதவீதம். இதுதான் சைன் டெஸ்ட். டி-டெஸ்ட் அளவு கூர்மை கிடையாது; ஆனால் ஒரு லோடில் எவனோ பாயிண்டைத் தப்பாக எழுதித் தொலைத்தாலும், வித்தியாசம் மறுபக்கம் சாயாத வரை அசையாது.

மூன்றாவது ஆள் கோரிலேஷன். எனக்கு இதன் மேல்தான் கோபம். பியர்சன் கோரிலேஷன் போட்டால் 0.998 (உச்சமே 1தான்). "இரண்டு தராசும் அச்சு அசலாக ஒத்துப்போகின்றன" என்று ஆலைக்காரர் இதைக் காட்டியே பேசலாம். கோரிலேஷன் பார்ப்பது ஒன்று ஏறும்போது மற்றதும் ஏறுகிறதா என்பதை மட்டும்தான். ஒவ்வொரு லோடிலும் சரியாக ஐந்து பாயிண்ட் குறைத்துப் போட்டிருந்தாலும் இதன் கண்ணில் படாது. கருவிகளை ஒப்பிடும் ஆய்வேடுகளில் இந்தத் தப்பை அடிக்கடி பார்க்கிறேன்.

எண்ணுகிற விஷயம் என்றால் கதை வேறு. ஏற்காட்டுக் காபித் தோட்டத்தில் தண்டுத் துளைப்பான் வண்டு விழுந்த செடிகளை எண்ணுகிறோம் என்று வையுங்கள். சராசரி இல்லை, 'விழுந்தது, விழாதது' என்ற கணக்குதான். அதற்கு 1900இல் கார்ல் பியர்சன் கொடுத்த கை-ஸ்கொயர். பேச்சுக்கு, சில்வர் ஓக் மர நிழலில் 100 செடியில் 8, வெயிலில் 100க்கு 20 என்றால் மதிப்பு 5.98, தாண்ட வேண்டியது 3.84. அதே 8 சதவீதம், 20 சதவீதம், ஆனால் 25 செடி வீதம்தான் பார்த்தீர்கள் என்றால் மதிப்பு 1.5க்கு விழுந்துவிடும். அத்தனை சின்ன எண்ணிக்கைக்கு ஃபிஷர் எக்ஸாக்ட் டெஸ்ட்தான் பொருத்தம். சதவீதத்தை மட்டும் கொண்டுவருகிறவர்களைச் செடி எண்ணிவரத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

மூன்று ஊர்க் கிழங்கை ஒப்பிட வேண்டுமா? இரண்டிரண்டாக மூன்று டி-டெஸ்ட் போடாதீர்கள். தற்செயலாக ஒன்றாவது 'வித்தியாசம்' என்று சொல்லும் வாய்ப்பு 5இலிருந்து 14 சதவீதம் வரைகூட ஏறிவிடலாம். முதலில் மூன்று சராசரியையும் ஒரே வீச்சில் ஒப்பிடும் அனோவா, அது வித்தியாசம் இருக்கிறது என்றால், எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் என்று டூக்கி டெஸ்ட் சொல்லும்.

மாமாவிடம் 5.48ஐச் சொன்னதும் எழுந்து செருப்பை மாட்டிவிட்டார், ஆலைக்குப் போய்ச் சண்டை பிடிக்க. உட்கார வைத்தேன். இது தற்செயல் இல்லை என்பது வரைதான் டெஸ்ட் சொல்லும். ஆலைத் தராசு கோளாறா, ஊர்த் தராசு கோளாறா, ஆலை வாசலில் லோடு ஒரு நாள் காத்துக் கிடந்ததா என்று அதற்குத் தெரியாது. "ஒரே கூடைக் கிழங்கை, ஒரே மணி நேரத்துல, ரெண்டு தராசுலயும் வெச்சுப் பாருங்க மாமா" என்றேன்.

"ஊர்த் தராசைத் தூக்கிட்டு ஆலைக்குப் போகணுமா?" என்றார். ஆமாம் என்றதும், வண்டி வாடகை எவ்வளவு ஆகும் என்று டைரியின் பின்பக்கத்தில் கணக்குப் போட ஆரம்பித்தார்.