மூன்று கடின அறிவியல் நாவல்கள்: வாசகர் எங்கே கைவிடுகிறார்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்துப் பட்டணத்தில் ஒரு வாசிப்புக் குழு கடினமான அறிவியல் புனைவு ஒன்றை எடுக்க நினைத்தால், இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மூன்றுமே கடினம்தான், ஆனால் சிக்கும் இடம் வேறு.

லியூ சிசினின் 'த்ரீ-பாடி ப்ராப்ளம்' 2014-இல் ஆங்கிலத்தில் வந்து, 2015-இல் அறிவியல் புனைவுக்கான ஹியூகோ விருது பெற்றது. சீனப் பெயர்கள் மனத்தில் நிற்கவில்லை என்பது மேலைநாட்டு வாசகர் பலரின் புகார். சீனப் பள்ளி நண்பர்களோடும் கடைக்காரர்களோடும் வளர்ந்த நமக்கு, குடும்பப் பெயர் முன்னால் வருவது ஒரு சிக்கலே இல்லை. 'அறிவியல் எங்கே?' என்று தொடக்கத்திலேயே மூடிவிடுவோர் உண்டு. காரணம், மாவோ காலக் கலாச்சாரப் புரட்சிக் காட்சிகள்தான். அவை சீன நூலில் நடுவில் இருந்தவை, ஆங்கிலத்தில்தான் முன்னுக்கு வந்தன. அதைத் தாண்டினால் வேகம் பிடிக்கும். கடைசியில் ஒரு புரோட்டானை விரித்துக் கணினியாக்கும் இடத்தில் இயற்பியல் படித்தவர்கள் முகம் சுளிப்பார்கள், மற்றவர்கள் ரசிப்பார்கள்.

பீட்டர் வாட்ஸின் 'ப்ளைண்ட்சைட்' (2006) எழுத்தாளரின் இணையதளத்திலேயே இலவசம். புத்தகத்துக்காக ஈப்போ போக வேண்டியதில்லை. இங்கே தடுப்பது அறிவியல் அல்ல, கதைசொல்லி எதையும் விளக்காததுதான். மொழியியலாளர் சூசன் ஜேம்ஸின் ஒரே உடலில் நான்கு ஆளுமைகள். பேசுவது யார் என்று தெரியாமல்தான் பாதிப் பேர் குழம்புகிறார்கள். சூசன், மிஷேல், சாஷா, கிரஞ்சர் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விண்கலத்தில் இரத்தக்காட்டேரி எதற்கு என்று எரிச்சல் வந்தால், பின்குறிப்பில் இரத்தக்காட்டேரி பற்றிய பகுதியை மட்டும் முன்கூட்டியே படிக்கலாம். மற்றக் குறிப்புகள் கதையை உடைத்துவிடும். மூன்றில் இருண்டது இதுவே, பதின்ம வயதினர் உள்ள குழுவுக்கு வேண்டாம்.

கிரெக் ஈகனின் 'க்ளாக்வொர்க் ராக்கெட்' (2011) பற்றி இரண்டே வகைப் பேச்சு: 'பாடநூல்' என்பார்கள், அல்லது தலையில் வைத்துக் கொண்டாடுவார்கள். வரைபடங்களைத் தாவுகிறவர்கள்தான் பெரும்பாலும் முதல் வகை. அந்த உலகில் ஊதா ஒளி சிவப்பைவிட வேகமானது. அதனால் நட்சத்திரம் புள்ளியாகத் தெரியாமல் நிறக் கோடாக நீளும். இதற்கெல்லாம் தேவை படிவம் 1 பித்தாகரஸ் தேற்றம்தான். நம் உலகில், ஊரில் 5 ஆண்டு கழியும்போது 3 ஒளியாண்டு சீராகப் பறந்த கப்பலின் கடிகாரம் 4 ஆண்டே காட்டும். வர்க்கங்களில் பார்த்தால் 25−9=16. ஈகன் அந்தக் கழித்தலைக் கூட்டலாக்குகிறார். ஊரில் 4, தூரம் 3 என்றால் கப்பலில் 5: 16+9=25. பயணிகளுக்குத்தான் அதிகக் காலம் கிடைக்கிறது. வீட்டுக் கிரகம் அழியுமுன் தலைமுறை தலைமுறையாக ஆராய்ந்து வழி கண்டுபிடிக்கலாம் என்ற கதையே இதில்தான் நிற்கிறது. இந்த முக்கோணத்தை முதல் கூட்டத்திலேயே வெண்பலகையில் போட்டுவிட்டால் கைவிடுகிறவர்கள் குறைவார்கள். கணக்கு டியூஷன் எடுப்பவர் ஒருவர் குழுவில் இருந்தால் ஈகனையே எடுங்கள். இல்லையென்றால் லியூ சிசின்.